பின்னால் போன ‘ஷுட்’

கல்முனையில் இங்கிலீஷ் தெரிந்தவர்களை விட இங்கிலீஷ் படிப்பிக்கிறவர்கள்தான் அதிகம் என்பது பஸ்மிலாவின் முடிவு. பிரதான வீதி நெரிசலில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருக்க, அவள் கண்ணில் பட்ட பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தாள். ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ‘வெட்கமின்றி இங்கிலீஷ் பேசுங்கள்’ என்றது ஒன்று.

“வெக்கமில்லாமப் படிப்பிக்கிறம் எண்டுதான் எழுதியிரிக்கணும்” என்றாள்.

“ராத்தா, நீங்க இப்பிடிக் கதைக்கிறதாலதான் நமக்குக் கேஸ் வாறதில்ல” என்றான் பர்ஸான். ஆட்டோ அவனுடையது. துப்பறியும் உதவியாளன் என்ற பதவி பஸ்மிலா கொடுத்தது. சம்பளம் மட்டும் இன்னும் ஒருவராலும் கொடுக்கப்படவில்லை.

பஸ்மிலா முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்தவள். தானாகத் தீப்பிடித்த கடைகளையும், தானாகக் காணாமற்போன மோட்டார் சைக்கிள்களையும் போய்ப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது வேலை. அந்த வேலை அவளுக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் புகட்டியது. மனிதர்கள் பொய் சொல்வது பெரிய விசயமில்லை. பொய்யைக் கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் இருப்பதுதான் சகிக்க முடியாதது. இப்போது டயர் கடை ஒன்றின் மேல் மாடியில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறாள்.

இன்றைய கேஸ் சாய்ந்தமருதுச் சிபானாவுடையது. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தமிழ் நோயாளிகளுக்கும் டொக்டர்மாருக்கும் நடுவே மொழிபெயர்க்கும் வேலைக்கு அந்தப் பெண் தெரிவாகியிருந்தாள். வேலைக்கான கடைசிச் சந்திப்புக்கு முன், அவளுடைய போனில் இருந்தே மெனேஜருக்கு ஒரு குரல் பதிவு போயிருக்கிறது. சிபானாவின் குரல் போலவே ஒரு குரல். ஆனால் அதைத் தான் பேசவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள் சிபானா. பிறகு மெனேஜர் வீட்டுக்குப் போன் எடுத்துக் கதைத்தாராம். எல்லாம் முடிந்துவிட்டதாம். தகப்பன் சாலிஹ், “நீயே வேணாம் எண்டு அனுப்பிப்போட்டு இப்ப நடிக்காத” என்கிறாராம்.

காலையிலேயே பஸ்மிலா அந்த மெனேஜருக்குப் போன் எடுத்தாள். கூட்டத்தில் இருக்கிறார், திரும்ப எடுப்பார் என்றார்கள்.

“அந்தப் பதிவ இன்னொருக்காப் போடு.”

பர்ஸான் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் போனை அமுக்கினான். இரகசியம் பேசுவது போல அடக்கிய பெண் குரல். பின்னணியில் எதுவோ தாளிக்கும் சத்தம்.

“ஐ ஆம் சொறி மெடம். மை ஃபாதர் செட் ஐ ஷுட் ஹேவ் ஸ்டேய்ட் அட் ஹோம்.”

“நான் செல்றன் ராத்தா, இது ஏஐ. இப்ப ஆர்ர குரலையும் செய்யலாம்.”

“ஏஐ இப்பிடிப் பிழை விடாது. இப்பிடிப் பிழை விடுறதுக்கு ஒரு மனிசன் காசு கட்டிப் படிச்சிரிக்கணும். ‘வீட்டுல இரு’ எண்டு வாப்பா சொல்லிட்டார், அதால வரமாட்டன் எண்டுதானே செல்ல வந்தது? இதுல என்ன இரிக்கி? ‘நான் வீட்டுலயே இருந்திருக்கணும் எண்டு வாப்பா சொன்னார்.’ போய்ட்டு வந்த புள்ளைக்கு ஏசின மாதிரி. ஒரு ‘ஹேவ்’ கூடிப்போச்சு. கள்ள நோட்டப் புடிச்சா எங்க அச்சடிச்ச எண்டு பாக்கிற இல்லயா? இந்த ‘ஹேவ்’ எங்க அச்சடிச்ச எண்டு பாப்பம்.”

சிபானா முன்பு படித்த இடம் அவளுக்குத் தெரியும். ஆட்டோ ஷிப்லி சேரின் கல்லூரிக்கு முன்னால் நின்றது. கல்லூரி என்பது ஒரு புடவைக்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறை.

ஷிப்லி சேர் அந்த வெக்கையிலும் கோட்டும் டையும் போட்டிருந்தார். டையில் வியர்வை படமாக விரிந்திருந்தது. வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் ஒரு பாடம் கிடந்தது. வில் – வுட். கேன் – குட். மஸ்ட் – ஹேட் டு. கடைசியில், சிவப்பு மையில், ஷுட் – ஷுட் ஹேவ்.

பஸ்மிலாவுக்குச் சிரிப்பு வந்தது. தேடி வந்த அச்சுக்கூடம் பலகை போட்டுக்கொண்டு நின்றது.

“இது என்ன சேர்?”

“பின்வாங்கல் விதி” என்றார் ஷிப்லி. “என்ட சொந்தக் கண்டுபிடிப்பு. ‘செட்’, அதாவது ‘சொன்னார்’ எண்டு ஒரு சொல் முன்னால வந்தா, பின்னால நிக்கிற எல்லாரும் ஒரு அடி பின்னுக்குப் போகணும். ‘ஐ வில் கம்’ எண்டான். அத இன்னொருத்தருக்குச் செல்லக்குள்ள ‘ஹீ செட் ஹீ வுட் கம்’. வெளங்கிச்சா?”

“அது சரி. ஷுட் என்னத்துக்குப் பின்னுக்குப் போகுது?”

“ரூல் எண்டா எல்லாருக்கும் ஒரு ரூல்தான். என்ட மெதட்ல பாரபட்சம் இல்ல.”

“ஷுட் ஏற்கெனவே சுவரோட முதுகு முட்டிக்கொண்டு நிக்கிற சொல்லு சேர். அதுக்குப் பின்னால இடமில்ல. ‘செட்’ வந்தாலும் அப்பிடியேதான் நிக்கும். நீங்க ஒரு ‘ஹேவ்’ செருகினா கருத்தே மாறிடும். ‘வரணும்’ எண்டு சொன்னது ‘வந்திருக்கணும்’ எண்டு ஆகிடும்.”

“அது பழைய கிராமர், மெடம்.”

“கல்முனையில இன்னும் ஒரு அடி பின்னுக்குப் போனா கடல் சேர்” என்றான் பர்ஸான். “பிள்ளையளப் பாத்துக் கூட்டிப் போங்க.”

ஷிப்லி அவனை ஆட்டோக்காரனைப் பார்க்கிற பார்வை பார்த்தார். பஸ்மிலா பதிவைப் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். குர்ஆன் போட்டிக்கு நடுவராக வந்தவர் போல இருந்தது.

“எக்ஸலன்ட்! நூத்துக்கு நூறு!”

“ஆர்ர குரல்?”

“குரல் தெரியா. ஆனா மெதட் என்ட. இலங்கையில வேற ஒருத்தரும் இப்பிடிப் படிப்பிக்கிறல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் பஸ்மிலா. “சிபானா இப்பிடிக் கதைப்பாளா?”

ஷிப்லியின் முகம் சுருங்கியது. “அந்தப் புள்ளயா? புத்தகம் ஒண்டத் தூக்கிக்கொண்டு வந்து, ‘சேர், ஷுட் மாறாது’ எண்டு எல்லாருக்கும் முன்னால செல்லிச்சு. அண்டைக்கே கிளாஸால எழுப்பிட்டன்.”

பஸ்மிலா பர்ஸானைப் பார்த்தாள். இந்தப் பிழைக்காகச் சண்டை பிடித்து வெளியேறியவள், அதே பிழையைத் தன் வாயால் விடமாட்டாள். சிபானா சொன்னது உண்மை.

“வகுப்புக்கு வராதவங்களுக்கும் ஒங்கட பாடம் போகுமா?”

“நான் பாடத்த எல்லாம் வொய்ஸ் போட்டு வட்ஸ்அப்ல அனுப்புற. பாலமுனை வரைக்கும் என்ட வொய்ஸ் கேக்குது.”

“சிபானாட போனுக்கும் வந்திரிக்கும்?”

“வராம? அந்த நேரம் வச்சிரிந்த பழைய போன் இரிந்தா இப்பவும் உள்ளுக்குக் கெடக்கும்.”

படியிறங்கும்போது பர்ஸான் சொன்னான்: “நூத்துக்கு நூறு எண்டாரே ராத்தா. குற்றவாளிக்குச் சேர்டிபிகேட்டும் குடுப்பார் போல.”

சாய்ந்தமருதில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை முன்னால், சாலிஹின் வளவு. இரண்டு வீடுகள். ஒன்று மூத்த மகள் றாஹிலாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவளைக் கட்டி வந்த பஸால் அங்கேதான் இருக்கிறான். மற்றது சிபானாவுக்கென்று ஒதுக்கியது. அவள் கல்யாணம் கட்டும் வரை சாலிஹும் மனைவி மைமூனாவும் அவளோடு அதில். இரண்டு வீட்டுக்கும் குசினி ஒன்றுதான்.

மைமூனா உள்ளறையில் படுத்திருந்தாள். சீனி வருத்தத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. மற்றக் காலிலும் புண். டெட்டோல் மணம் முன் விறாந்தை வரை வந்தது. சிபானா உள்ளே புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

றாஹிலா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். முந்தானைக்குள் இருந்து ஒரு வெள்ளை வயர் காதுக்குப் போனது. நிமிர்ந்தும் பார்க்காமல் குசினிக்குத் திரும்பிவிட்டாள்.

“இவ மூத்தவ” என்றார் சாலிஹ் பெருமையாக. “நாள் முழுக்க மவ்லவிமார்ர பயான்தான் கேக்கிற. சின்னவள்தான் இங்கிலீஷ் இங்கிலீஷ் எண்டு கெட்டுப்போனா. பொம்புளப் புள்ள கொழும்புல போய் நிண்டா ஊர் என்ன செல்லும்?”

“ஊர் செல்லுறதுக்கு ஒண்டும் இல்லாட்டி ஊருக்குத்தான் வயித்து வலி வரும் மாமா. மெனேஜர் போன் எடுத்தாவாமே? ஆரு கதைச்ச?”

“மருமகன்தான். என்ட போனுக்கு வந்த. எனக்கு அந்தப் பாசை வெளங்காதே. சிபானா அந்நேரம் உம்மாக்கு மருந்து எடுக்கப் போய்ட்டா.”

பஸால் சாய்மனைக் கதிரையில் ஒரு அங்குலம் நிமிர்ந்தான். கட்டாரில் மூன்று வருசம் இருந்து வந்தவன். இப்போது அந்த மூன்று வருசத்தைப் பற்றிக் கதைப்பதுதான் அவன் தொழில்.

“எனக்கு இங்கிலீஷ் ப்ரொப்ளம் இல்ல மெடம். ஸ்பீக்கர்ல போட்டுக் கதைச்ச.”

“என்ன சொன்னா?”

“சிபானா போய்ச் சந்திச்சிருக்கணும் எண்டு சொன்னா. இனி என்ன? முடிஞ்சிதானே. ஃபினிஷ்.”

பஸ்மிலா பிளேன்டீயை வாய் வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

“சந்திச்சிருக்கணும் எண்டா?”

“சந்திச்சிருக்கணும்.”

“அவ சொன்ன இங்கிலீஷ அப்பிடியே ஒருக்காச் செல்லுங்க பாப்பம்.”

பஸால் தொண்டையைச் செருமினான். கூரையைப் பார்த்தான். “அது... ‘மெடம்... சிபானா... கம்... நோ கம்... ஃபினிஷ்.’ இப்பிடி ஒரு கருத்துல.”

“கட்டாருல நீங்க மனிசரோட வேல செஞ்சீங்களா, ஒட்டகத்தோடயா?” என்றான் பர்ஸான்.

“டேய், நீ ஆட்டோக்காரன்...”

“ஓம். ஆனா நான் போற பாதை எனக்குத் தெரியும்.”

பஸ்மிலா சாலிஹ் பக்கம் திரும்பினாள். “மாமா, போன் வந்து வச்ச வரைக்கும் இவர் என்ன செஞ்சார் எண்டு மட்டும் செல்லுங்க.”

“‘எஸ் மெடம், எஸ் மெடம்’ எண்டார். போன வச்சார். தண்ணி விடாய்க்கிது எண்டு குசினிக்குள்ள போனார். வந்துதான் எங்களுக்கு வெளங்கப்படுத்தினார்.”

“நல்ல தண்ணி” என்றாள் பஸ்மிலா. “இங்கிலீஷ் உள்ளுக்குப் போய் தமிழா வெளிய வருது.”

பஸால் இருமினான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று காட்ட, ஒரு பெண்ணின் வேலையையே பந்தயம் வைத்திருக்கிறான். ஆனால் அவன் வெறும் குழாய். குழாயின் மறுமுனையில் நின்றது யார்?

அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. கொழும்பு இலக்கம். வளவுக்குள் இறங்கி, முருங்கை மரத்தடியில் நின்று இங்கிலீஷில் கதைத்தாள். விறாந்தையில் இருந்தவர்களுக்கு அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

“சிபானா! வெளிய வா.”

சிபானா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“மெனேஜரோட கதைச்சன். ஒண்டும் முடியல்ல. அந்தக் குரல் பதிவக் கேட்டு நீ வரமாட்டா எண்டு அவ நினைக்கவே இல்ல. ‘வீட்டுலயே இருந்திருக்கணும்’ எண்டு வாப்பா ஏசியிரிக்கார், பாவம் எண்டு நினைச்சி, வாப்பாவச் சமாதானப்படுத்தத்தான் வீட்டுக்குப் போன் எடுத்திரிக்கா. எடுத்து என்ன சொன்னா தெரியுமா? ‘ஷி ஷுட் கம் அண்ட் மீட் மீ.’ வந்து சந்திக்கணும். சந்திச்சிருக்கணும் இல்ல. சந்திக்கணும்! நாளைக்குக் காலை வரைக்கும் பாப்பாவாம். வராட்டித்தான் அடுத்த ஆளுக்குக் குடுப்பாவாம்.”

“நாளைக்கா?” என்றாள் சிபானா. சாலிஹ் பஸாலைப் பார்த்தார். பஸால் செருப்பைப் பார்த்தான்.

“குரல் பதிவுலயும் ஒரு ‘ஹேவ்’ கூட. இந்த மொழிபெயர்ப்புலயும் அதே ‘ஹேவ்’ கூட” என்றாள் பஸ்மிலா. “இங்கிலீஷ்லதான் பிழை விட்டா எண்டா, தமிழுக்குக் கொண்டு வந்தும் அதே பிழை. தமிழ்ல நாம ‘வரணும் எண்டு சொன்னா’ எண்டுதானே செல்லுற? ‘சொன்னா’ எண்டு வந்ததுக்காக ஆராவது ‘வரணும்’ எண்டத ஒரு அடி பின்னுக்குத் தள்ளுறமா? ஷிப்லி சேர்ட பாடத்த ரத்தத்துல ஏத்தின ஒரு ஆளாலதான் அது ஏலும். அந்த ஆள் இந்தக் குசினியிலதான் நிக்கிது.”

அவள் நேரே குசினி வாசலுக்குப் போனாள். றாஹிலா அடுப்புக்கு முன்னால் அசையாமல் நின்றாள். பஸ்மிலா அவளுடைய ஒரு காதில் இருந்த வயரை மெதுவாக எடுத்து, பின்னால் வந்த சாலிஹின் காதில் வைத்தாள்.

“ஒங்கட மகள் கேக்கிற பயானக் கேளுங்க மாமா.”

சாலிஹ் பக்தியோடு தலையைக் குனிந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கண்கள் விரிந்தன.

“இது... இது மவ்லவி இல்லயே. இது என்ன ‘வுட்டு’, ‘குட்டு’ எண்டு...”

“தங்கச்சி கழிச்சிப் போட்ட பழைய போன்” என்றாள் பஸ்மிலா. “பாடமெல்லாம் உள்ளுக்கு. சார்ஜ் போடுற பிளக்கும் இந்தக் குசினியிலதான். தங்கச்சிட புது போன் இங்க சார்ஜுக்குக் கிடந்த ஒரு நேரம் பாத்து மெடத்துக்குப் பதிவு போயிரிக்கி. தாளிக்கிற சத்தத்தோட.”

“தாத்தா?” என்று அக்காவைப் பார்த்தாள் சிபானா.

றாஹிலா அடுப்பைத் தணித்தாள். திரும்பினாள். அவளிடம் அழுகை எதுவும் இல்லை.

“ஓம். நான்தான் அனுப்பின. இவ போனா உம்மாவ ஆரு கழுவுற? புண்ண ஆரு கட்டுற? ராவையில ஆரு எழும்புற? ஒங்க ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரல்ல. எனக்கு மட்டும்தான் வந்திச்சி. என்னப் பள்ளிக்கூடத்தால மறிச்சிக் கட்டிக் குடுக்கக்குள்ள ஆரும் துப்பறிய வரல்லயே.”

“மறிச்சது இவள் இல்லயே” என்றாள் பஸ்மிலா. “மறிச்சவர் ஒங்கட காதுல இருந்த வயரோட நிக்கிறார். அவரோட கதைக்கப் பயம். அதால சத்தமில்லாம தங்கச்சிட கழுத்த நெரிச்சீங்க. அதையும் ஒழுங்காச் செய்யல்ல. ஒங்கட பிழையான இங்கிலீஷ்தான் முதல்ல அவட வேலையக் காப்பாத்தின. பிறகு அதே பிழையால அவளக் கொல்லப் பாத்தீங்க.”

“ரெண்டாவது நான் வேணுமெண்டு செய்யல்ல.” றாஹிலாவின் குரல் முதல் முறை இறங்கியது. “இவர் ஓடி வந்து, என்ன சொன்னா, என்ன சொன்னா எண்டார். பொய் கட்ட நேரமில்ல. சேர் செல்லித் தந்த மாதிரி ‘செட்’ போட்டு மனசுக்குள்ள ஒரு அடி பின்னுக்கு எடுத்துத் தமிழாக்கிக் குடுத்தன். இவர் வெளிய போய் முடிஞ்சி எண்டார். எல்லாரும் முடிஞ்சி எண்டு அழுதீங்க. நான்...”

“நீங்க வாய மூடிட்டு நிண்டீங்க.”

“ஓம்.”

“கிராமர் ஒங்களுக்காகப் பொய் செல்லிச்சு. நீங்க அதத் திருத்தல்ல.” பஸ்மிலா சாலிஹையும் பஸாலையும் திரும்பிப் பார்த்தாள். சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு இருவர்.

பள்ளியில் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. சாலிஹ் அவசரமாகத் தொப்பியைத் தேடினார்.

“நில்லுங்க மாமா. தொழுதிட்டு நேர வீட்டுக்கு வாங்க. கொழும்பு பஸ் வெளிக்கிட முதல் இவள நான் கல்முனைக்குக் கொண்டு போறன். அப்ப மாமிக்கு மருந்து கட்ட ஆள் வேணும்.”

“ஆரு? நானா?”

“நிக்காஹ் நீங்கதானே பண்ணின.”

“எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல புள்ள...”

“சிபானாவும் பொறக்கக்குள்ள பழகிட்டு வரல்ல. பஸால், நீங்க தண்ணி சுடவைங்க. குசினிக்குள்ள போற பாதைதான் ஒங்களுக்கு நல்லாத் தெரியுமே.”

பஸால் எதுவோ சொல்ல வாயெடுத்தான். பர்ஸான் ஆட்டோச் சாவியைச் சுழற்றிக்கொண்டு, “எஸ் மெடம் எண்டு செல்லுங்க மச்சான். அது ஒங்களுக்கு வரும்” என்றான்.

உள்ளறையில் இருந்து மைமூனாவின் குரல் கேட்டது. இவ்வளவு நேரமும் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். “சிபானா, அந்த நீல அபாயாவப் போட்டுட்டுப் போ. இது சாயம் போயிட்டு.”

அதுதான் அந்த வீட்டில் கிடைத்த ஒரே அனுமதி. சிபானா உம்மாவின் கையைக் கொஞ்சிவிட்டு, ஒரு பையோடு வெளியே வந்தாள். தொழுதுவிட்டுத் திரும்பிய சாலிஹ் அவளைக் கடந்து உள்ளே போனார். தடுக்கவில்லை.

குசினி வாசலில் றாஹிலா நின்றாள். சிபானா அவளைப் பார்க்கவில்லை. ஸலாமும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தாள். பஸ்மிலா அவளுக்குப் பக்கத்தில் ஏறினாள். மன்னித்துவிடு என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. மன்னிக்காதே என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

பர்ஸான் ஆட்டோவைக் கிளப்பிய நேரம், உள்ளறையில் இருந்து சாலிஹ் கத்தினார்.

“மகள்! இந்தப் பஞ்சு எங்க இரிக்கி? மகள்!”

சிபானா தன்னையறியாமல் வாய் திறந்து பாதி எழுந்துவிட்டாள். பஸ்மிலா அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள். பஞ்சு இருக்கும் இடம் தெரிந்த இன்னொருத்தி குசினி வாசலில்தான் நின்றாள்.

“மகள்! ஆராவது வாங்களன்! பஞ்சு எங்க?”

றாஹிலா வாசல் நிலையில் சாய்ந்தாள். போகிற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

“தேடுங்க வாப்பா.”